கயிலாயம் போகிறவர்களுக்கு நான் பாலிசி எழுதிய வருஷங்கள்

வெளிநாட்டிலிருந்து ஒரு மகன் போன் செய்து, "எங்கம்மா உடம்பு எப்படிங்க இருக்கு?" என்று கேட்கிறார். அந்த அம்மாவின் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மகனிடம் சொல்லிவிடாதே என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். நான் டாக்டர் இல்லை, உறவும் இல்லை. ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் பயண இன்ஷூரன்ஸ் பாலிசி எழுதுகிற பெண். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை. மற்றதெல்லாம் தெரியும். தூரதேசத்தில், ரோடு இல்லாத இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் ஆளை எப்படி மீட்டு வருவது, அதற்கு எந்தப் பாலிசி உதவும், எது உதவாது என்று என்னை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினோரு வருஷம் அதுதான் என் வேலை.

இந்த 2009 பொங்கல் முடிந்த கையோடு வேலையை விட்டுவிட்டேன். முப்பத்திரண்டு வயதில் 'ஓய்வு பெற்றவள்' என்று சொன்னால் சிரிப்பார்கள். என் மகனுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. அவனுக்கு லேசாக உடம்பு சுட்டாலும் என்னால் மேசையில் உட்கார முடியவில்லை. உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வந்த நாட்கள் உண்டு. விட்டது சரியா என்று இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தரம் கணவரிடம் கேட்கிறேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். "பரீட்சை முடிஞ்சு பேப்பரையும் குடுத்தாச்சு. இனிமே என்னத்தத் திருத்தப் போற?" என்பார்.

இப்போது என் நாற்காலியில் நாகஜோதி என்ற பெண் இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாளாவது போன் வரும். "அக்கா, இந்தப் பாலிசில இப்படிப் போட்டிருக்கே, என்ன அர்த்தம்?" அவளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் இதையெல்லாம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் பி.காம். முடித்துச் சேர்ந்தபோது அந்த அலுவலகம் ராமநாதபுரம் சாலைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட், ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்களுக்கு ஏற்பாடு, அவ்வளவுதான். பிறகு கிராமங்களிலிருந்து கயிலாயம், மானசரோவர் போக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காட்மாண்டு வரை நாங்கள். அதற்கு மேல் அங்குள்ள ஏஜென்சி. முதல் ஆறு மாதம் டீ வாங்கக்கூட வெளியே போகாமல் டைப் அடித்தேன் என்பதைத் தவிரப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். எனக்கு முதலாளி. ஏர்வாடிக்காரர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. நாம் எழுதியதில் தப்பு இருந்தால் கண்ணாடியைக் கழற்றுவார், மடித்து வைப்பார், அந்த வரியில் விரலை வைத்து, "இத மட்டும் கொஞ்சம் சத்தமாப் படிம்மா" என்பார். படிக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

பாலிசிப் புத்தகம் வந்தால் அவர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவார். என்னையும் அப்படித்தான் பழக்கினார்.

"முன்பக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரிம்மா. எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்புடும். யாருக்கு எல போடமாட்டாங்கன்னு பின்பக்கத்துலதான் போட்டிருக்கும்."

அந்தப் பின்பக்கத்தின் அருமையை எங்களுக்குக் காட்டியவர் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர். கயிலாயம் போகும் வழியில் காலை முறித்துக்கொண்டார். கூடப் போனவர்கள் பதறிப்போய் நேபாள எல்லைக்குக் கொண்டுவந்து தாங்களே ஹெலிகாப்டர் பேசிக் காட்மாண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்தது. ஹெலிகாப்டருக்குக் கொடுக்கவில்லை. முதலில் தங்கள் உதவி மையத்துக்குப் போன் செய்து, அவர்கள் சம்மதித்து, அவர்களே அனுப்பினால்தான் அது மீட்பு. நாமாகப் பிடித்தால் வாடகை வண்டி. பின்பக்கத்தில் தெளிவாக இருந்தது. நாங்கள் அவரிடம் அழுத்திச் சொல்லவில்லை.

அவர் கட்டுக்காலோடு வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். சண்டை பிடிப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். "பாலிசியும் இருந்துச்சு பாய், ஹெலிகாப்டரும் இருந்துச்சு. ரெண்டுக்கும்தான் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு" என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் வந்தது. உதவி மையத்தின் எண், பாலிசி எண், பெயர், 'ஹெலிகாப்டர் பேசுவதற்கு முன் இந்த எண்ணைக் கூப்பிடவும்' என்ற வரி. எல்லாவற்றையும் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கயிறு கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்புவோம். பெட்டிக்குள் வைத்த அட்டை யாருக்கும் உதவாது. "மாட்டுச் சந்தைக்குப் போற மாதிரில்ல இருக்கு" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். "குளிக்கறப்பவும் கழட்டாதீங்க" என்பேன்.

பாலிசி தேர்வு செய்ய நான் கம்பெனிக்காரர்களைக் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். மத்தியானத்துக்கு மேல் எதைக் கேட்டாலும் 'ஆமாம் மேடம்' என்பார்கள். முதல் கேள்வி, எங்கள் ஆள் திபெத்துக்குள் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? "உலகம் பூரா கவர் ஆகும் மேடம்" என்று பதில் வந்தால் அந்தக் கம்பெனி வேண்டாம் என்று பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்துவிடுவேன். நேபாள ஹெலிகாப்டர் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது. எல்லை வரை ஜீப்பில்தான் கொண்டுவர வேண்டும். அந்த ஜீப் யார் பொறுப்பு என்று கேட்காமலே சொல்கிறவர்தான் விஷயம் தெரிந்தவர். அடுத்து உயரம். சில பாலிசிகளில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போனால் அது மலையேற்ற விளையாட்டு, பணம் கிடையாது என்று இருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து சாமி கும்பிடப் போகிற அறுபது வயது ஆட்களை மலையேற்ற வீரர்கள் கணக்கில் வைத்துவிடுவார்கள். 'யாத்திரை விளையாட்டு ஆகாது' என்று கடிதம் வாங்கிக் கோப்பில் வைப்பேன். பிறகு, மீட்க வேண்டுமா என்று முடிவு செய்வது யார், எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், கிட்டத்து ஆஸ்பத்திரியா, வசதியுள்ள ஆஸ்பத்திரியா? கடைசிக் கேள்வி, ஆள் இறந்துபோனால் உடலை ஊருக்கு யார் கொண்டுவருவது. அதை முதலாளி 'திரும்ப வர்ற ஏற்பாடு' என்பார். யாத்திரைக்காரர்கள் முன்னால் வேறு எந்த வார்த்தையும் சொல்லக் கூடாது.

பெரிய தொகை அச்சடித்த பாலிசியை நான் ஒருநாளும் அதற்காக எடுத்ததில்லை. தொகை சின்னதாக இருந்தாலும், ஏற்கெனவே இருக்கும் நோயை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால், அந்த நோயால் உயிருக்கு ஆபத்து வரும்போது மீட்புக்கு மட்டுமாவது வருகிற பாலிசிதான் நம் ஆட்களுக்கு ஏற்றது. நம் ஊரில் ஐம்பது தாண்டியவர்களில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர் குறைவு. அதுவுமில்லாமல், "நம்ம ஆளுக ஏறிப் பழகுன உசரமே பாம்பன் பாலந்தானேம்மா" என்பார் முதலாளி. போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து அந்தப் பாலத்தில்தான் நடந்து பழகச் சொல்லுவோம்.

ஆனால் நோயை எழுதிக் கொடுப்பதில்தான் சிக்கல். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இப்படி ஒரு யாத்திரைக்கு நேர்ந்துகொண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தருகே வைப்பார்கள். காசு முடிந்து வைத்த பிறகு, போய்வரும் வரை தடங்கல் வார்த்தை எதையும் வாயால் சொல்ல மாட்டார்கள். நோய் பெரிய தடங்கல். 'எனக்குச் சர்க்கரை இருக்கு' என்று சொன்னால் சாமியே போகவேண்டாம் என்று நிறுத்திவிடும் என்ற பயம். எங்களிடம் வரும்போது எல்லோரும் காசு முடிந்துவிட்டுத்தான் வருவார்கள். "உடம்புக்கு என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார்கள். அப்படியே எழுதினால் பாலிசி செல்லாது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேள்வியே கேட்பதில்லை. "மாத்திரைப் பையைக் கொண்டுவந்து மேசையில கொட்டுங்க" என்பேன். வாயால்தான் சொல்லக் கூடாது. கொட்டுவதற்குத் தடை இல்லை. கொட்டுவார்கள். பெயரைப் பார்த்து நானே நோயை எழுதி, மாத்திரைகளின் பெயரைப் படிவத்தின் பின்புறம் குறித்துக்கொள்வேன். டாக்டர் சீட்டு இருந்தால் நகல் எடுப்பேன். கையெழுத்துப் போடுவார்கள். முதல் தடவை முதலாளி அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அது எனக்குப் பெரிய பாராட்டு.

முத்துராக்கு அம்மா வந்தது இரண்டு வருஷம் முன்பு. கமுதிப் பக்கம் மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பம். கணவர் இல்லை. ஒரே மகன் சேது சிங்கப்பூரில். மகன் பணம் அனுப்பி, ஊர்க்காரர்கள் இருபது பேரோடு அம்மாவைக் கயிலாயத்துக்கு அனுப்புகிறார். என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, மணிக்கொரு தரம் வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்த காலம்.

பையைக் கொட்டினார். இரண்டு பிரஷர் மாத்திரை அட்டை, தைலப் புட்டி, இஞ்சி மிட்டாய். கடைசியில் ஒரு சின்னப் பழுப்புக் குப்பி உருண்டு வந்தது. அதை மட்டும் சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது என்ன பெரியம்மா?"

"இதா? பேரனுக்குள்ளது. பையில தெரியாம வந்துருச்சு."

"பேரனுக்கா? நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கிறதுல்ல அது?"

"அவன் வாயாடிப் பய. நாக்குக்கு அடியில எதையாவது வச்சாத்தான் அடங்குவான்."

பக்கத்து மேசையில் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். முத்துராக்கு அம்மாவும் சிரித்தார். பிறகு குப்பியை மெதுவாக மேசையில் வைத்தார். அதோடு மடித்த ஒரு சீட்டு. முந்தின வருஷம் மதுரையில் மகள் வீட்டில் இருந்தபோது நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்திருக்கிறார். தம்பியிடம் சொல்லக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"நீ எழுதிக்க தாயி. நான் எதுவும் சொல்லல."

"நீங்க சொல்லல பெரியம்மா. ஆனா இதோட அவ்வளவு உசரம் போலாமா? டாக்டர்ட்ட கேட்டீங்களா?"

"பிரஷருக்கு மருந்து எழுதித் தாரவருட்ட கேட்டேன். பாத்துப் போயிட்டு வாங்கன்னாரு. மதுரைக்காரவருட்ட கேக்கல. கேட்டா வேணாம்பாரு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிங்கப்பூருக்கு மட்டும் தெரிய வேணாம். அவனுக்குத் தெரிஞ்சா டிக்கெட்டக் கிழிச்சுருவான். அவுக அப்பா போகணும் போகணும்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்தாக. நான் அவுகளுக்கும் சேத்துப் பாத்துட்டு வந்துர்றேன்."

இதய நோய் என்று எழுதினேன். குப்பியில் இருந்த பெயரைப் பின்புறம் குறித்தேன். அந்த வருஷம் என்னிடம் இருந்ததிலேயே சிறந்த பாலிசியை அவருக்குப் போட்டேன். வேறு ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். போகமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நான்கைந்து நாளில் சேது போன் செய்தார். மரியாதையான குரல்.

"தங்கச்சி, நீங்கதான எங்கம்மா ஃபாரமெல்லாம் பாக்குறீங்க? அம்மா உடம்பு எப்படிங்க இருக்கு? எங்கிட்ட கல்லு மாதிரி இருக்கேன்னுதான் சொல்லுது. நீங்க நேர்ல பாக்குறீங்கல்ல, அதான் கேக்குறேன்."

என் வாய் தானாகவே பேசியது.

"அண்ணே, இருக்கிறதுலயே நல்ல பாலிசி போட்டிருக்கேன். எல்லை வரைக்கும் ஜீப்பு, அங்கருந்து ஹெலிகாப்டர், எல்லாமே இதுல வரும். நீங்க கவலைப்படாதீங்க."

"அப்படியா. அப்பச் சரி தங்கச்சி" என்று வைத்துவிட்டார். அவர் குரலில் பாரம் இறங்கியது எனக்குக் கேட்டது.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

குழு புறப்பட்டு எட்டாவது நாள், வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டே முக்கால். முதலாளி ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். போனை மேசை டிராயரில் வைத்துவிட்டுத்தான் போவார். அலுவலக போன் அடித்தது. டெல்லியிலிருந்து உதவி மையத்து டாக்டர். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். முந்தின நாள் மாலை மலையைச் சுற்றத் தொடங்கிய இடத்தில் முத்துராக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது, நெஞ்சு கனத்திருக்கிறது. வழிகாட்டி கழுத்து அட்டையைப் பார்த்து உடனே எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். காலையில் ஜீப்பில் எல்லைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இதுவரை எல்லாம் நாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே நடந்திருக்கிறது.

சிக்கல் இதுதான். படிவத்தில் இதய நோய் என்று இருக்கிறது. நோயாளியோ தனக்கு எந்த நோயும் இல்லை, எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். கூட இருப்பவர்களும் அதையே சொல்கிறார்கள். உயரத்தால் வந்த மூச்சுமுட்டல் மட்டும் என்றால், கீழே இறங்கிவிட்டதால் நாளைக்குள் சரியாகலாம். அன்றைக்கு ஹெலிகாப்டர் அவசியமில்லை. இதயம் என்றால் இப்போதே அனுப்ப வேண்டும். பிற்பகலில் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று எழுந்துவிட்டால் இறங்க முடியாது.

"எது சரி? படிவமா, நோயாளியா?" என்று கேட்டார்.

"படிவம்."

"நோயாளியே மறுக்கிறாரே. உங்களுக்கு யார் சொன்னது?"

"மாத்திரைகள்" என்றேன். எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. சாமிக்குக் காசு முடிந்து வைப்பதை, வாயால் சொல்லாமல் இருப்பதை, அதற்குரிய ஆங்கில வார்த்தை எதுவும் இல்லாமல் அவருக்கு விளக்கினேன். படிவத்தின் பின்புறம் எழுதியிருந்த மாத்திரைப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். மதுரைச் சீட்டை உடனே ஃபேக்ஸ் செய்கிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர். நோயாளி இப்போது எத்தனை மாத்திரை எடுத்திருக்கிறார் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். அவரோடு என்னால் பேச முடியுமா என்று கேட்டேன். வழிகாட்டியின் போனையும் எங்கள் இணைப்பில் சேர்த்தார்.

காற்றிரைச்சல். அதற்குள் மூச்சிரைப்பு.

"பெரியம்மா, நான் ராமநாதபுரத்துலருந்து, பாலிசி எழுதுன பொண்ணு."

"தாயி... எனக்கு ஒண்ணுமில்ல... இவங்கெ வீணா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வாயத் தொறக்காதீங்க. நான் கேக்குறதுக்கு 'உம்' மட்டும் கொட்டுங்க. இல்லன்னா சும்மா இருங்க. அந்தப் பேரன் மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சீங்களா?"

இரைச்சல் மட்டும்தான். நான் காத்திருந்தேன்.

"...உம்."

"நேத்து ஒண்ணா?"

"உம்."

"இன்னைக்கும் வச்சீங்களா?"

"உம்."

"ஒண்ணுதானா?" சத்தமில்லை. "ரெண்டா?" சத்தமில்லை. "மூணா பெரியம்மா?"

"உம்."

"வலி நின்னுச்சா?"

பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாததையும் டாக்டருக்கு மொழிபெயர்த்தேன். "போதும்" என்று அவர் இணைப்பைத் துண்டித்தார்.

சீட்டை ஃபேக்ஸ் இயந்திரத்தில் கொடுத்தபோது அவசரத்தில் தலைகீழாகப் போய்விட்டது; மறுபடி அனுப்பினேன். முதலாளி திரும்பி வந்தபோது நான் நின்றுகொண்டே இருந்தேன். நடந்ததைச் சொன்னேன். "உக்காரும்மா" என்று தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். மூன்று மணி வாக்கில் டெல்லியிலிருந்து தகவல் வந்தது. காற்று எழுவதற்குள் ஹெலிகாப்டர் அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டது. அன்று மாலையே காட்மாண்டு ஆஸ்பத்திரி. ரத்தக் குழாயில் அடைப்பு. பிழைத்துவிட்டார். மறுநாள் காற்றினால் ஒரு ஹெலிகாப்டரும் எழும்பவில்லை என்று பிறகு தெரிந்தது. பாலிசி தேர்வில் நான் செய்த ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அன்று இரவு மகனைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். சேது என் கைபேசிக்குக் கூப்பிட்டார். காட்மாண்டுக்கு விமானம் ஏறப் போகிறாராம்.

"தங்கச்சி, டாக்டர்ட்ட பேசினேன். ஃபாரத்துல ஹார்ட்டுன்னு முன்னாடியே எழுதியிருக்குங்கிறாரு. யாரு எழுதுனது?"

"நாந்தாண்ணே."

"அப்ப, நான் போன்ல கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும்."

மகன் விழித்துவிடாமல் இருக்க எழுந்து கூடத்துக்கு வந்தேன்.

"நான் பாலிசியவா கேட்டேன்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் இதைச் சொன்னேன். "நம்மகிட்ட வந்தவங்க அந்தம்மா. அவங்க மகன் இல்ல. ஒருத்தங்க ஒடம்பப் பத்தி அவங்க அனுமதி இல்லாம நாம வெளிய சொல்லக் கூடாது. நீ செஞ்சது சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து என் மேசை முன் நின்றார். "ஆனா அவரு கேட்டதுக்கு நீ பதில் சொல்லல. அதுக்குப் பதிலா வேற ஒண்ணக் குடுத்துட்ட." கண்ணாடி அவர் கையில் இருந்தது.

அந்த வாரமே படிவத்தோடு ஒரு தாள் சேர்த்தோம்: 'உங்கள் உடல்நிலை பற்றி யாரிடம் சொல்லலாம்?' பெரும்பாலோர் அதைக் காலியாகவே விட்டார்கள். நிரப்பியவர்களில் பலர் குலதெய்வத்தின் பெயரை எழுதினார்கள்.

மூன்று மாதம் கழித்து முத்துராக்கு அம்மா மதுரையில் மகள் வீட்டிலிருந்து வந்தார். மெலிந்திருந்தார். ஒரு பை நிறைய வற்றல் மிளகாயை என் மேசையில் வைத்தார்.

"மலையப் பாத்துட்டேன் தாயி. சுத்தத்தான் முடியல. சாயங்காலம், வெயிலு பட்டு அப்படியே தங்கமா நின்னுச்சு. நீ மட்டும் அவன்ட்டச் சொல்லியிருந்தீன்னா நான் கமுதில மிளகாக் காயப்போட்டுக்கிட்டுக் கெடந்துருப்பேன்."

"உங்க மகன் கோவமா இருக்காரா பெரியம்மா?"

"எம்மேல கோவமில்ல. பேசுறான், நல்லாத்தான் பேசுறான். ஆனா நான் என்ன சொன்னாலும் அக்காகிட்ட போனக் குடுங்கிறான். சாப்டேன்னு சொன்னாக்கூட அவகிட்ட கேட்டுத்தான் நம்புறான். இனிமே எதையும் மறைக்கமாட்டேன்னு அவ அவனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கா." கொஞ்ச நேரம் மிளகாய்ப் பையின் வாயைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். "போறப்ப எம் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

அவர் போன பிறகு நான் வீட்டுக்குப் போன் செய்து மகன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். மாமியார், "நல்லாயிருக்கான், தூங்குறான்" என்றார். முதல் முறையாக, அது உண்மைதானா என்று யோசித்தேன்.

இந்த விஷயத்தில் நான் எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கத்து நியாயம் தெரிகிறது. மகனிடம் சொல்லியிருந்தால் ஒரு பெண் தன் வாழ்நாளில் கேட்ட ஒரே பயணத்தை நான் தடுத்திருப்பேன். சொல்லாததால் ஒரு மகன் தன் தாயோடு பேசி முடிவெடுக்க வேண்டிய சந்தர்ப்பத்தைப் பறித்தேன். அந்த நல்ல பாலிசி இல்லையென்றால் முத்துராக்கு அம்மா பிழைத்திருக்க மாட்டார். அது இல்லையென்றால் சேது இன்னும் நான்கு கேள்வி கேட்டிருப்பார் என்பதும் உண்மைதான்.

போன வாரம் நாகஜோதி கூப்பிட்டாள். பரமக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர், மாத்திரைப் பை, துபாயில் மகள். மகள் போன் செய்து கேட்டிருக்கிறாள். நாகஜோதி, 'சார் வெளியே போயிருக்கார், திங்கட்கிழமை கூப்பிடுங்கள்' என்று சமாளித்திருக்கிறாள். "அக்கா, உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே, என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். எந்தப் பாலிசி என்பதை இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். மற்றதற்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அந்தத் திங்கட்கிழமை வந்து போய்விட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த குழுவுக்கான படிவங்கள் வரத் தொடங்கிவிட்டன; இன்னொரு போன் வராமல் இருக்காது.

இதைப் படிக்கிறவர்களில் வெளியூரில் இருந்துகொண்டு அம்மாவைப் பற்றி அடுத்தவரிடம் விசாரித்தவர்கள் இருப்பீர்கள். பிள்ளைகளிடம் உடம்பை மறைத்தவர்களும் இருப்பீர்கள். அந்தப் போனில் நாகஜோதி சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றை எனக்கு எழுதி அனுப்புங்கள். அது பொய்யாக இருக்கக் கூடாது. அந்த அம்மாவைக் காட்டிக் கொடுக்கவும் கூடாது. ஆனால் அதைக் கேட்டதும் மகளோ மகனோ நிம்மதியாகிப் போனை வைத்துவிடாமல், அடுத்த போனைத் தன் அம்மாவுக்கே போட வேண்டும்.